அக்குபிரஷர்: விரல் எங்கே போக வேண்டும், எப்படி அழுத்த வேண்டும், எப்போது கூடாது

“அக்குபிரஷர் செய்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை” என்பவர்களிடம், எங்கே அழுத்தினீர்கள் என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் விரல் வேறு எங்கோ போகும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புப் பொட்டு இருந்திருக்கும். அதைப் பார்த்து உத்தேசமாக ஓர் இடத்தை அமுக்கியிருப்பார்கள். அரை விரற்கடை தள்ளிப்போனாலே விரல் எலும்பின் மேல் ஏறிவிடும். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இடம் பிடிக்கும் விஷயத்தில் சீனர்கள் கறார். 1027ஆம் ஆண்டு, சோங் அரசர்களின் காலத்தில், வாங் வெய்யி என்ற அரசு மருத்துவர் ஆளுயர வெண்கல மனிதர்கள் இருவரை வார்க்கச் செய்தார். உடம்பு முழுக்க, சிகிச்சைக்காக ஊசி குத்தும் புள்ளிகள் இருக்கும் இடத்தில் எல்லாம் சிறு துளைகள். தேர்வு நாளில் துளைகள் தெரியாதபடி மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவன் கையில் ஊசியைக் கொடுப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். மயிரிழை தப்பினால் ஊசி உள்ளே போகாது, மாணவனும் தேறமாட்டான்.

அது ஊசி, அதாவது அக்குபங்சர். அதே புள்ளிகளை ஊசி இல்லாமல் விரலால் அழுத்துவது அக்குபிரஷர். ஊசிக்குப் படித்த மருத்துவர் வேண்டும். விரலுக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமையும் வெட்டிய நகமும்தான். இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட புள்ளிகள் 361. இங்கே நான் ஏழு புள்ளிகளும் ஒரு கண் பயிற்சியும்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் நமக்கு நாமே செய்துகொள்ள அதுவே தாராளம்.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி

உடம்பில் ‘ச்சி’ என்ற உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது, ஓட்டம் தடைபட்டால் வலி, தடையை நீக்கினால் நலம்: சீன மருத்துவத்தின் அடிப்படை இதுதான். முக்கியப் பாதைகள் பன்னிரண்டு, அவற்றோடு உடம்பின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு, ஆக மொத்தம் பதினான்கு. பாதைதான் முதலில் வந்தது, புள்ளிகள் அப்புறம் வந்தன என்று தோன்றுகிறது. 1973இல் ஹுனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அவற்றில் பதினொரு பாதைகள் சொல்லப்படுகின்றன, ஆனால் புள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்ற மருத்துவ நூலாசிரியர் புள்ளிகளைத் தொகுத்தபோது எண்ணிக்கை 349 ஆகியிருந்தது.

அறுத்துப் பார்த்து இந்தப் பாதைகளை யாரும் கண்டதில்லை. ஆனால் புள்ளிகள் இருக்கும் இடங்களைப் பார்த்தால், பலவும் நரம்பு தோலுக்குப் பக்கத்தில் வரும் இடமாகவோ, இரண்டு தசைகள் சேரும் பள்ளமாகவோ, எலும்புக்கு அடியிலுள்ள குழியாகவோ இருக்கின்றன. அங்கே அழுத்தினால் உடம்பு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்வதில் ஆச்சரியமில்லை. விளக்கத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். புள்ளியின் இடம் மட்டும் இரண்டு தரப்புக்கும் பொதுவானது.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். உள்ளங்காலில் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று வண்ண வண்ணமாகப் பிரித்துக் காட்டும் படம் பழைய சீனத்து அக்குபிரஷர் அல்ல. அது ரிஃப்ளெக்ஸாலஜி. அமெரிக்காவில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மருத்துவரும் அவருக்குப் பின் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வளர்த்தெடுத்தது. அதைத் தைவானில் பரப்பியவர் ஒரு ஸ்விஸ் பாதிரியார். அங்கிருந்து சீனக் கடைகளுக்குப் போய், சீனத்து முத்திரையோடு நம்மிடம் வந்திருக்கிறது! இரண்டாவது, நம் வர்மம். அதுவும் உடம்பில் இடம் குறித்து வைத்த கலைதான். ஆனால் அதன் இடங்களும் கணக்கும் வேறு. ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு மற்றதைச் செய்யாதீர்கள்.

படி 1: அளவுகோல் உங்கள் விரல்தான்

சீனர்களின் அளவுக்குப் பெயர் ‘ட்சுன்’. இது சென்டிமீட்டர் போல எல்லோருக்கும் ஒரே நீளம் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். நம் பாட்டிகள் விரற்கடை, சாண் என்று அளந்த அதே கதைதான்.

உங்கள் கட்டைவிரல் மூட்டின் அகலம் 1 ட்சுன். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்த அகலம் 2 ட்சுன். சுண்டுவிரலையும் சேர்த்து நான்கு விரலாக்கினால் 3 ட்சுன். நடுவிரலின் நடு மூட்டு இருக்கும் மட்டத்தில் அகலத்தை எடுக்க வேண்டும், நகத்தருகே எடுத்தால் குறைந்துவிடும்.

யாருக்கு அழுத்துகிறீர்களோ அவருடைய விரலால் அளக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் கைவிரலால் அளந்து பத்து வயதுப் பிள்ளையின் காலில் புள்ளி தேடினால் ஒருபோதும் கிடைக்காது. பிள்ளையின் கையை எடுத்து அதன் காலிலேயே வைத்து அளங்கள்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை மடிப்பு வரை யாருக்கானாலும் 12 ட்சுன் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று விரலை வைத்து அளந்துகொண்டே போனால் ஆறு தடவையில் முழங்கையைத் தொட வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் விரல்களை இறுக்கமாகவோ தளர்வாகவோ சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 2: உட்காரும் முன்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கையைக் கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த விரல் பட்டால் தசை சுருங்கிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் வேண்டாம், பசி மயக்கத்திலும் வேண்டாம். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி போதும்.

படி 3: அழுத்துவது எப்படி

சீனத்தில் விரலால் செய்வதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ‘ஆன்’ என்றால் நேராகக் கீழே அழுத்துவது. ‘ரோ’ என்றால் விரலைத் தோலின் மேல் வழுக்கவிடாமல், தோலோடு சேர்த்து உள்சதையை வட்டமாகப் பிசைவது. ‘நா’ என்றால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே சதையைப் பற்றித் தூக்குவது. ‘துய்’ என்றால் தள்ளுவது. கடைசி இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கைவைத்தியத்துக்கே ‘துய்நா’ என்று பெயர். நமக்கு ஆன், ரோ இரண்டும் போதும்.

விரல் நுனியை வைக்காதீர்கள், கட்டைவிரலின் சதைப்பற்றான பகுதியை வையுங்கள். மூச்சை வெளியே விடும்போது மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். அடியில் தட்டியதும் நிறுத்தி, அந்த ஆழத்திலேயே சிறு வட்டமாகப் பிசையுங்கள். ஒரு நிமிடம் போதும். எடுக்கும்போதும் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், வெடுக்கென்று எடுக்கக் கூடாது.

பலம் விரலிலிருந்து வரக் கூடாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே வலது கட்டைவிரல் மூட்டு வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் திண்டாடினேன். விரலை நேராக, மடங்காமல் வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் சாய்க்க வேண்டும். கட்டைவிரலுக்கு முட்டுக் கொடுக்க மற்ற நான்கு விரல்கள் அடுத்த பக்கத்தைப் பிடித்திருக்கட்டும்.

சரி, எவ்வளவு அழுத்துவது? சீன மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கும் நான்கு சொற்கள் இருக்கின்றன: ஸ்வான், மா, ட்சாங், ச்சோங். ‘ஸ்வான்’ என்றால் புளிப்பு. சீன மொழியில் புளித்த மாங்காய்க்கும் நெடுந்தூரம் நடந்த காலுக்கும் ஒரே சொல். நாம் “கால் உளையுது” என்கிறோமே, அந்த உளைச்சல்தான் ஸ்வான். ‘மா’ என்பது மரமரப்பு. ‘ட்சாங்’ என்பது உள்ளே விம்முவது போன்ற உணர்வு. ‘ச்சோங்’ என்பது கனம். இந்த நான்கில் ஒன்று வந்துவிட்டால் ‘த ச்சி’, அதாவது ச்சி கிடைத்துவிட்டது என்பார்கள். “வலிக்குது, ஆனா எடுக்காதீங்க” என்று சொல்லத் தோன்றும் இடம் அது. சுருக்கென்று குத்தினால், எரிந்தால், மின்சாரம் பாய்ந்தது போல விரல் நுனிவரை ஓடினால், நீங்கள் நரம்பின் மேல் இருக்கிறீர்கள். உடனே எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

படி 4: நெய்குவான், முதலில் பழக வேண்டிய புள்ளி

பெயரின் பொருள் ‘உள் வாயில்’. படங்களில் பி.சி. 6 என்று, அதாவது பாதையின் சுருக்கப் பெயரும் அதில் புள்ளியின் எண்ணுமாக, போட்டிருக்கும். குமட்டல், பயண வாந்தி இரண்டுக்கும் இது. மொத்த அக்குபிரஷரிலும் ஆய்வு அதிகம் நடந்த புள்ளியும் இதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு இந்தப் புள்ளியைத் தூண்டுவது பற்றி நடந்த 59 ஆய்வுகளை 2015இல், மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. போலியாகச் செய்ததைவிட இதில் குமட்டலும் வாந்தியும் குறைந்திருந்தன. ஆய்வுகளின் தரம் எல்லாம் ஒரே சீராக இல்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் பிளாஸ்டிக் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டி விற்கிறார்களே, அந்தக் குமிழ் உட்கார வேண்டிய இடமும் இதுதான்.

இடது உள்ளங்கையை மேலே பார்த்தபடி மடியில் வையுங்கள். மணிக்கட்டில் இரண்டு மூன்று ரேகைகள் இருக்கும். உள்ளங்கைக்கு ஒட்டினாற்போல் உள்ள ரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வலது கையின் மூன்று விரல்களைக் குறுக்கே வையுங்கள், மோதிர விரலின் ஓரம் ரேகையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் மேலோரம் எங்கே முடிகிறதோ, அது புள்ளியின் மட்டம்.

மட்டம் கிடைத்துவிட்டது, இனி நடுவைப் பிடிக்க வேண்டும். இடது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறு போல இரண்டு எழும்பும். பேச்சு வழக்கில் நரம்பு என்போம், உண்மையில் தசைநாண். அந்த இரண்டு கயிறுகளுக்கும் நடுவிலுள்ள வாய்க்காலில், நீங்கள் அளந்த மட்டத்தில் இருக்கிறது நெய்குவான். இடம் பிடித்ததும் கையைத் தளர விட்டுவிடுங்கள். இறுக்கிய கையில் விரல் இறங்காது.

சிலருக்கு ஒரே ஒரு கயிறுதான் எழும்பும். பயப்பட வேண்டாம், நூற்றில் பதினைந்து பேருக்குப் போல அந்த இன்னொரு தசைநாண் பிறவியிலேயே இருப்பதில்லை. அவர்கள் இருக்கிற கயிற்றுக்குச் சுண்டுவிரல் பக்கத்தில் ஒட்டினாற்போல் விரலை வைத்தால் சரியாக இருக்கும்.

இந்த வாய்க்காலுக்கு அடியில்தான் உள்ளங்கைக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அதனால் இங்கே முரட்டுத்தனம் கூடாது. மிதமாக அழுத்தி ஒரு நிமிடம் பிசைந்து, கையை மாற்றுங்கள். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். குமட்டல் தொண்டைக்கு வந்த பிறகு தொடங்கினால் எனக்கு ஒன்றும் நடந்ததில்லை. ஆழியாறு தாண்டியதுமே தொடங்கினால் சமாளித்துவிடுகிறேன்.

படி 5: ஹெகு, தலைவலிக்கும் பல்வலிக்கும்

சீன மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு வரிப் பாட்டு ஒன்று உண்டு. வயிற்றுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சான்லி, இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்கால் மடிப்பிலுள்ள வெய்ச்சோங், தலைக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டருகே லியெச்சுவே, முகத்துக்கும் வாய்க்கும் ஹெகு என்று அதன் கருத்து. வலி ஓரிடம், அழுத்துவது வேறிடம் என்ற இந்த மருத்துவத்தின் போக்கு அந்த நான்கு வரியிலேயே இருக்கிறது.

ஹெகு என்றால் ‘கூடும் பள்ளத்தாக்கு’. எல்.ஐ. 4. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி வையுங்கள். புறங்கையில் ஒரு சதைமேடு எழும்பும். அதன் உச்சியில் விரலை வைத்துவிட்டுக் கையைத் தளர்த்துங்கள். மேடு பள்ளமாகிவிடும். இப்போது அழுத்த வேண்டிய திசை கீழ்நோக்கி அல்ல, ஆள்காட்டி விரலுக்குப் போகும் எலும்பை நோக்கி, அந்த எலும்புக்கு அடியில் விரலை நுழைப்பது போல. திசை சரியானால் உளைச்சல் சட்டென்று எழும். எல்லோருக்கும் முதல் தடவையே ‘த ச்சி’ தெரிந்துவிடும் புள்ளி இது.

பல்வலிக்கு இது ஒரு கைத்தாங்கல் மட்டுமே. சொத்தையை ஹெகு அடைக்காது, பல் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடக் கூடாது என்பது சீன மரபிலேயே உள்ள விதி.

படி 6: ட்சுசான்லி, காலில் மூன்று லி

எஸ்.டி. 36. மேலே பாட்டில் வந்த சான்லி இதுதான். ‘லி’ என்பது தூர அளவு, இன்றைய கணக்கில் அரை கிலோமீட்டர். களைத்துப்போன வழிப்போக்கன் இந்த இடத்தை அழுத்தினால் இன்னும் மூன்று லி நடப்பான் என்று ஒரு விளக்கம். முழங்காலுக்கு மூன்று ட்சுன் கீழே இருப்பதால் வந்த பெயர் என்று இன்னொன்று. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் நீண்ட நடைப்பயணத்துக்குக் கிளம்பும் முன், கால்சட்டையைத் தைத்து, தொப்பிக்குக் கயிறு மாற்றி, இந்தப் புள்ளியில் மூலிகைச் சூடு வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அவருக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு குழிகள் தெரியும். வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரலைக் கீழே வையுங்கள். சுண்டுவிரலின் கீழோரம் முடியும் மட்டத்தில், கால் முன்னெலும்பின் கூரான விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கமாக நகர்ந்தால் புள்ளி. சந்தேகமாக இருந்தால் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், விரலுக்கடியில் ஒரு தசை புடைக்கும். அந்தத் தசையின் மேல் இருந்தால் சரி.

செரிமானக் கோளாறு, வயிற்று மந்தம், கால் சோர்வு இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இடம். தசை கனமானது என்பதால் இங்கே நன்றாகவே அழுத்தலாம். கட்டைவிரல் வலித்தால், கையை மூடி நடுவிரல் முட்டியால் பிசையுங்கள்.

படி 7: ஃபெங்ச்சி, கணினி முன் உட்காருபவர்களுக்கு

‘காற்றுக் குளம்’, ஜி.பி. 20. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டிலிருந்து விரலைப் பிடரி நடுவை நோக்கி நகர்த்துங்கள். மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே, பக்கக் கழுத்துத் தசைக்கும் பிடரித் தசைக்கும் நடுவே ஒரு குழியில் விரல் விழும். இரண்டு பக்கமும் உண்டு.

இரு கைகளாலும் தலையைப் பின்னாலிருந்து தாங்கியபடி கட்டைவிரல்களை அந்தக் குழிகளில் வையுங்கள். இப்போது விரலை அழுத்தாதீர்கள், தலையை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். தலையின் பாரமே அழுத்திக்கொள்ளும். விரலின் திசை எதிர்ப்பக்கக் கண்ணை நோக்கி மேலே இருக்கட்டும். மூன்று நான்கு மூச்சு அப்படியே இருந்துவிட்டு, பிறகு சின்ன வட்டமாகப் பிசையலாம். பிடரி இறுகி அதனால் வரும் தலைவலிக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் மட்டும் கை போகவே கூடாது. மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அங்கே ஓடுகிறது.

படி 8: காலில் இன்னும் மூன்று

தைச்சோங்: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து புறங்காலில் மேல்நோக்கி விரலைத் தேய்த்துக்கொண்டே போங்கள். இரண்டு எலும்புகளும் சேரும் முன் விரல் ஒரு பள்ளத்தில் நிற்கும். இரண்டு கை ஹெகுவும் இரண்டு கால் தைச்சோங்கும் சேர்ந்தால் ‘நான்கு வாயில்கள்’ என்பார்கள், படபடப்புக்கும் எரிச்சலுக்கும் சேர்த்தே செய்வது வழக்கம்.

சான்யின்ஜியாவ்: உட்பக்கக் கணுக்கால் மொளியின் உச்சியிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்பின் பின்விளிம்பை ஒட்டி. மூன்று பாதைகள் சந்திக்கும் இடம் என்று கணக்கு. மாதவிடாய் வலிக்கு இதைச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு இதுவும் விலக்கு.

யோங்ச்சுவான், ‘பொங்கும் ஊற்று’: கால்விரல்களை மடக்கினால் உள்ளங்காலின் முன்பகுதியில் விழும் குழி. தூங்கப் போகும் முன் வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்துவிட்டு, எதிர்க்கையின் அடிப்பகுதியால் கால் சூடேறும்வரை தேய்ப்பது சீன வீடுகளில் பழக்கம். தூக்கத்துக்கு நல்லது என்பார்கள். வெந்நீரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது என் சந்தேகம்.

படி 9: சீனப் பள்ளிக்கூடத்துக் கண் பயிற்சி

சீனாவில் வளர்ந்த யாரைக் கேட்டாலும், முதலில் கற்ற அக்குபிரஷர் மருத்துவரிடம் இல்லை, பள்ளி ஒலிபெருக்கியில் என்பார்கள். 1963இல் பெய்ஜிங்கில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. பாடத்துக்கு நடுவே இசை ஒலிக்கும். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒன்று முதல் எட்டுவரை ஒரு குரல் எண்ணும், பிறகு “இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு” என்று அடுத்த சுற்று. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் எட்டு எட்டு.

பழைய முறையில் நான்கு இடங்கள். கையைக் கழுவிவிட்டுக் கண்ணை மூடுங்கள். முதலில் கட்டைவிரல்களைப் புருவத்தின் மூக்குப் பக்க முனைக்குச் சற்றுக் கீழே, கண்குழியின் மேல்விளிம்பில் வைத்துப் பிசைய வேண்டும். இரண்டாவது, ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்குத்தண்டின் மேற்பகுதியைப் பிடித்து, கீழே அழுத்தி மேலே பிழிய வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் களைத்தால் தன்னிச்சையாகச் செய்வதுதான் இது.

மூன்றாவது இடத்தைப் பிடிக்க அழகான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, மூக்கின் இறக்கைகளை ஒட்டி இரு பக்கமும் வையுங்கள், கட்டைவிரல்கள் தாடையில் ஊன்றியிருக்கட்டும். இப்போது நடுவிரலை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆள்காட்டி விரல் நிற்கும் இடம் ‘ஸிபாய்’, கன்னத்தின் நடுவிலுள்ள சிறு பள்ளம். அங்கே பிசையுங்கள். நான்காவது, கட்டைவிரல்களை நெற்றியின் இரு ஓரத்திலும் உள்ள பொட்டுகளில் ஊன்றி, மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் கண்ணைச் சுற்றி வழிக்க வேண்டும். முதலில் மேலே, புருவத்தின் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, அப்புறம் கீழே, உள்முனையிலிருந்து வெளிமுனைவரை. கண்விழியை எந்த நேரத்திலும் அழுத்தக் கூடாது.

இது கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்றுதான் தொடங்கினார்கள். தடுக்கவில்லை, சீனப் பிள்ளைகளிடம் கண்ணாடி பெருகிக்கொண்டேதான் போயிருக்கிறது. ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடம் கண்ணை மூட ஒரு சாக்கு கிடைக்கிறது. அதற்காகவே நான் மதியம் மூன்று மணிக்கு இதைச் செய்கிறேன்.

எப்போது கூடாது

நெஞ்சு வலி வந்தால் நெய்குவானைப் பிசைந்துகொண்டு உட்காராதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, காய்ச்சலோடு கூடிய கடும் வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் அதேதான். எனக்கு வேண்டிய ஒருவர் குடல்வால் வீக்கத்தோடு இரண்டு நாள் ட்சுசான்லியை அழுத்திக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குப் போனபோது குடல்வால் வெடித்திருந்தது.

கர்ப்பிணிகள் ஹெகு, சான்யின்ஜியாவ் இரண்டோடு, தோள்மேட்டின் நடுவிலுள்ள ‘தோள் கிணறு’ என்ற ஜியான்ஜிங் புள்ளியையும் தவிர்க்க வேண்டும். குமட்டலுக்கு நெய்குவானை அழுத்துவதானாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரண அழுத்தத்துக்கே தோல் கன்றிப்போகும். எலும்பு தேய்ந்தவர்களுக்கு அழுத்தமே ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே கையே வைக்காதீர்கள், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். நரம்பு சுருண்ட கால், புண், எலும்பு முறிவு, கட்டி உள்ள இடங்களுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. அவர்கள் காலை விட்டுக் கையோடு நிறுத்திக்கொள்ளட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எந்த மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

எத்தனை நாள், எந்த வரிசை

வேண்டிய புள்ளிகளை மட்டும், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அழுத்துவதில் பயன் இல்லை. வரிசையாகச் செய்ய ஆசைப்பட்டால் மேலிருந்து கீழே வாருங்கள்: ஃபெங்ச்சி, கண், ஹெகு, நெய்குவான், ட்சுசான்லி, தைச்சோங், கடைசியில் உள்ளங்கால். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அழுத்திய இடம் மறுநாள் தொட்டால் வலித்தாலோ நீலம் பாரித்தாலோ, அதிகமாக அழுத்திவிட்டீர்கள். ஆறும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் வாரம் அளந்து கண்டுபிடித்த புள்ளியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளித்தால் அழியும், மறுபடி அளந்து வையுங்கள். எட்டாம் நாள் அளக்காமலே விரலை வையுங்கள், விரல் நின்ற இடத்தில் பொட்டு வையுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள். வெண்கல மனிதன் வீட்டில் இல்லாதவர்களுக்கு அதுதான் தேர்வு.